நம்ம ஆளுங்க எந்தப் பக்கம்? - பாயில் நடந்த வந்தவாசிப் போர்!

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்ட கையோடு ஹாலில் கோரைப்பாயை விரித்தோம். நான்கு பேரின் மொபைலும் ஃப்ரிட்ஜ் மேல் போய்விட்டது. பாயின் ஒரு மூலையில் அட்டைக் கோட்டை, நடுவில் எதிரெதிராக இரண்டு படைகள். தேதி 1760 ஜனவரி 22. இடம் வந்தவாசி.

காலேஜ் முடித்து ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்ட நாங்கள், மாதம் ஒருமுறை கூடுவதற்குக் கண்டுபிடித்த சாக்கு இது. பெயர் 'மினியேச்சர் வார்கேம்'. நிஜமாக நடந்த ஒரு போரை, குட்டிப் பொம்மைச் சிப்பாய்களை வைத்து மறுபடி ஆடிப் பார்ப்பது. 1824-ல் பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளைப் பழக்குவதற்கு இப்படியொரு ஆட்டத்தை எடுத்துக்கொண்டது. 1913-ல் எழுத்தாளர் ஹெச்.ஜி.வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகம் எழுதி, பொம்மைப் போரை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தார்.

உலோகப் பொம்மைகள் வாங்க எங்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. படம் வரைந்து, பிரின்ட் எடுத்து, அட்டையில் ஒட்டி வெட்டினோம். ஒரு பொம்மை என்றால் 50 பேர். நகர்த்துவதற்கு இன்ச் டேப். சுட்டது பட்டதா, படை நிற்குமா, ஓடுமா என்பதையெல்லாம் முடிவுசெய்வது பகடை.

ஸ்கூலில் வந்தவாசிப் போர் எனக்கு வெறும் ஒரு மார்க் கேள்வி. ஆடும்போதுதான் கதை புரிந்தது. ஆங்கிலேயர் வசமிருந்த கோட்டையை பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட, அதைக் காப்பாற்ற அயர் கூட் படையோடு வருகிறார். சண்டையின் நடுவில் பிரெஞ்சுக்காரர்களின் வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்துச் சிதறுகிறது. லாலி நம்பியிருந்த மராட்டியக் குதிரைப்படை சண்டைக்கே வரவில்லை. இதற்கெல்லாம் விதி எழுதினோம். பகடையில் இரண்டு ஆறு விழுந்தால் வண்டி வெடிக்கும்!

அன்று வெடிக்கவில்லை. லாலியாக ஆடிய நண்பன் ஜெயித்துவிட்டு, "பாண்டிச்சேரி தப்பிச்சுதுடா!" என்று குதித்தான். நிஜ லாலிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரே வருடத்தில் பாண்டிச்சேரி விழுந்தது. 1766-ல் பாரிஸில் அவர் தலையே போனது.

காபி கொண்டுவந்த அம்மா கொஞ்ச நேரம் பாயையே பார்த்தார். "இதுல நம்ம ஆளுங்க எந்தப் பக்கம்டா?"

"ரெண்டு பக்கமும்தாம்மா."

"அப்போ யாரு ஜெயிச்சா நமக்கென்ன?" என்று டம்ளர்களை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் போரில் ஆங்கிலேயர் பக்கம் சுமார் 2,100 இந்தியச் சிப்பாய்கள். பிரெஞ்சுப் பக்கம் சுமார் 1,300 பேர். எங்கள் பாயில் 42 பொம்மைகள், 26 பொம்மைகள். ஆனால் ஆட்டத்தில் நாங்கள் செய்தது என்ன? சிக்கல் வரும்போதெல்லாம், வெள்ளைக்காரப் படையைக் காப்பாற்ற முதலில் முன்னே தள்ளியது அவர்களைத்தான். கூட்டும் அதையே செய்தார், லாலியும் அதையே செய்தார். அதாவது நானும் என் நண்பனும்.

போதாக்குறைக்கு, எங்கள் விதியில் சிப்பாய்களுக்குத் தைரிய மதிப்பெண்ணும் குறைவு. காரணம், முன்னேறச் சொல்லி லாலி உத்தரவிட்டபோது அவருடைய சிப்பாய்கள் நகரவில்லை என்று படித்திருந்தோம். பயந்துவிட்டார்கள் என்று நாங்களே முடிவுகட்டி மார்க் போட்டுவிட்டோம். யாரோ இருவரின் சண்டையில் நாம் ஏன் சாக வேண்டும் என்று அவர்கள் யோசித்திருக்கலாம் என்பது அம்மா கேட்கும் வரை எங்களுக்குத் தோன்றவே இல்லை.

விதியை மாற்றிவிட்டோம். அடுத்த மாதம் ஒருவர் கூட், ஒருவர் லாலி. மூன்றாவது நண்பன் இரண்டு பக்கச் சிப்பாய்களுக்கும் சேர்த்து ஆடுவான். தளபதி உத்தரவு போடலாம். நகர்வதா, வேண்டாமா என்பது அவன் இஷ்டம். நான்காவது ஆளான நான் நடுவர்.

சாயங்காலம் பொம்மைகளைப் பொறுக்கி பிஸ்கட் டப்பாவில் போட்டோம். சிப்பாய்களுக்கு ஒரே படத்தைத்தான் பிரின்ட் எடுத்திருந்தோம். ஒரு பக்கத்துக்குச் சிவப்புச் சட்டை, இன்னொரு பக்கத்துக்கு நீலச் சட்டை. முகம் எல்லாம் ஒன்றுதான். டப்பாவில் கலந்துவிட்டன. நாங்களும் பிரிக்கவில்லை.

நீங்களும் ஆடிப் பாருங்கள். ஒரு பாய், நாலு நண்பர்கள், பகடை போதும். நடுவில் அம்மாவையும் ஒருமுறை கூப்பிட்டுக் காட்டுங்கள்!