ஆபீஸ் டெலிபோனும் உங்கள் கைத்தொலைபேசியும்



தோட்டத்து ஆபீசில் ஒரே ஒரு டெலிபோன் இருந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வெளியிலிருந்து அவசரச் செய்தி வந்தால் கிராணி கேட்டு, ஓர் ஆளைச் சைக்கிளில் பால்மரக் காட்டுக்கு அனுப்புவார். செய்தி போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மலேசியாவில் முதல் கைத்தொலைபேசிச் சேவை 1985இல்தான் வந்தது. இன்று அந்த ஆபீஸ் டெலிபோனே நம் சட்டைப்பைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது எப்படி, அதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன என்று பார்ப்போமா?

பெரிய தொழிற்சாலை, ஓட்டல், மருத்துவமனை ஆகியவற்றில் உள்ளுக்குள்ளேயே ஒரு சிறிய டெலிபோன் நிலையம் உண்டு. அதற்குப் பி.ஏ.பி.எக்ஸ். என்று பெயர். வெளியாருக்குத் தெரிவது ஒரே நம்பர். உள்ளே ஒவ்வொரு மேசைக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் நம்பர். இதனோடு கைத்தொலைபேசியை இணைக்க இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழியில், எக்ஸ்டென்ஷனுக்கு வரும் அழைப்பு மேசையிலும் கைத்தொலைபேசியிலும் ஒரே நேரத்தில் மணியடிக்கும். எதை முதலில் எடுக்கிறோமோ அதில் பேசலாம். கைத்தொலைபேசிக்குப் போகும் அழைப்பு கம்பெனியிலிருந்து புதிதாகப் புறப்படுவது. ஆகவே அந்தக் கட்டணம் கம்பெனியைச் சேர்ந்தது.

இரண்டாவது வழியில், கைத்தொலைபேசியில் ஒரு செயலியைப் போட்டு, இணையம் வழியாகப் பேசுவார்கள். நாம் வெளியே அழைத்தாலும் எதிராளிக்குக் கம்பெனி நம்பர்தான் தெரியும். நம் சொந்த நம்பர் ஊரெல்லாம் சுற்றாது. பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆனால் இதற்கு டேட்டா செலவாகும். பல இணைப்புகளில் ஒரு நிமிடப் பேச்சுக்கு 1 மெகாபைட்டும் அதற்குச் சற்று மேலும் போகலாம்.

ஒரு சங்கடமும் உண்டு. கைத்தொலைபேசி அணைந்திருந்தால், அதன் குரல் பதிவுப் பெட்டி அழைப்பை எடுத்துக்கொள்ளும். ஆள்தான் எடுத்தார் என்று பி.ஏ.பி.எக்ஸ். நினைத்துக்கொள்ளும், மேசையில் மணி நின்றுவிடும். வீட்டில் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தி இப்படிக் கிணற்றில் போட்ட கல்லாகிவிடக் கூடாதல்லவா? அழைப்பை ஏற்க '1' என்ற எண்ணை அழுத்த வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டால் இந்தத் தொல்லை இராது. இதைச் செய்து தரும்படி ஆபீசில் கேளுங்கள்.

தீ, விபத்து என்றால் செயலியைத் தேடாதீர்கள். கைத்தொலைபேசியிலிருந்தே நேராக 999ஐ அழையுங்கள். கம்பெனி வழியாகப் போகும் அழைப்பு, நீங்கள் வெளியூரில் இருந்தாலும் கம்பெனி விலாசத்தைக் காட்டிவிடக் கூடும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஆபீஸ் நம்பர் சட்டைப்பைக்குள் வந்தால் ஆபீஸ் வேலையும் கூடவே வரும். தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. மாதம் 4,000 ரிங்கிட்டுக்குள் சம்பளம் வாங்குவோருக்குச் சாதாரண நாளில் ஓவர்டைம் சம்பளம் ஒன்றரை மடங்கு. இரவு 10 மணிக்கு வரும் அழைப்பு இதில் சேருமா, சேராதா? வேலைக்குச் சேரும்போதே பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். வேலை நேரம் முடிந்ததும் மணியடிக்காமல் இருக்கும்படி இந்த ஏற்பாட்டில் நேரம் குறித்து வைக்கவும் முடியும். சந்தேகம் இருந்தால் தொழிலாளர் இலாகாவில் விசாரிக்கலாம்.

பட்டணத்தில் வேலை பார்க்கும் உங்கள் பிள்ளைகளிடம் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். டேட்டா செலவு யாருடையது? எத்தனை மணிக்கு மேல் மணியடிக்காது? வேலையை விட்டு நிற்கும்போது செயலியையும் இணைப்பையும் யார் நீக்கித் தருவார்கள்? கேட்பதில் கூச்சம் வேண்டாம். கைத்தொலைபேசி அவர்கள் சொந்தக் காசில் வாங்கியது.