அரிப்பும் அகக்கலக்கமும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவுப் பணி புரியும் பங்குமக்கள் சிலர், உடலெங்கும் அரிப்பென்று மந்திரித்த எண்ணெய் கேட்டு நம்மிடம் வருவதுண்டு. செய்வினை என்று அண்டைவீட்டார் அச்சுறுத்தியிருப்பர். எண்ணெய் தருகிறோம், தோல் மருத்துவரிடமும் அனுப்புகிறோம். சிமெண்டிலுள்ள குரோமியமும் ஒவ்வாமை விளைக்கும். ஆயினும் கடனும் கண்விழிப்பும் அவ்வரிப்பை வளர்ப்பதை மறுத்தற்கில்லை. மனம் கலங்குங்கால் தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் தூண்டப்பெற்று ஹிஸ்டமினை வெளியிடக்கூடும். சொறியச் சொறிய உறக்கம் கெடும், கலக்கம் மிகும்.

சாம்பலில் அமர்ந்து ஓட்டுச்சில்லால் தம்மைச் சுரண்டிய யோபுவோடு நண்பர்கள் ஏழு நாள் வாய்திறவாது அமர்ந்திருந்தனர். அவர்கள் பேசத் தொடங்கிய பின்னரன்றோ அவர் நோவு இரட்டித்தது! “எல்லாம் உன் மனப்பிரமை” என இல்லத்தார் இகழ்வதும் அத்தகைய பேச்சே. கையால் தொடும் பொருள் எது, எத்தனை மணி உறக்கம், வட்டிச்சுமை எவ்வளவு என்பனவற்றை மருத்துவரிடம் கூசாது கூறுங்கள்.