பேரிங்கை வெட்டிப் பார்க்காமல் சாலைமேல் பழி போடாதீர்கள்

“ரோடு சரியில்ல சார். பள்ளத்துல இறங்கியிருக்கும். இது வாரண்டியில வராது.”

வாங்கி இரண்டாம் வருடமே வீல் பேரிங் போய்விட்டதென்று காரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகிறவர்களில் பலர் இந்தப் பதிலோடுதான் திரும்பி வருகிறார்கள். எங்களுக்கும் இதுதான் கிடைத்தது. கார் என் மகளுடையது. செட்டியார்பட்டியிலிருந்து ராஜபாளையம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போய்வருகிறாள். கார் ஓடியிருந்தது 22,000 கிலோமீட்டர். வாரண்டி முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. அந்தப் பதிலைச் சொன்னவர் அப்போது சக்கரத்தைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. பேரிங்கைக் கண்ணால் பார்க்காமலே அது எப்படிச் செத்தது என்று சொல்லிவிட்டார். என் வருத்தமெல்லாம் அதில்தான்.

நான் நூற்பாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து பராமரிப்பு மேஸ்திரியாக ஓய்வு பெற்றவன். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்தில் தெருவுக்கு நாலு பேராவது மில்லில் வேலை பார்த்திருப்பார்கள். நான் வேலை கற்ற மில்லில் ஒரு கண்டிப்பு உண்டு. போன பேரிங் நேரே கழிவுத் தொட்டிக்குப் போகக் கூடாது. மேஜையில் வைத்து, வெளிவளையத்தை வெட்டி, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்து, அதைப் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் ஸ்டோரில் புது பேரிங் தருவார்கள். காரணம் தெரியாமல் புதிதைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும் என்பது அங்கே சின்னப் பையனுக்கும் தெரியும்.

வெட்டினால் பேரிங் பேசும். சக்கரம் பள்ளத்தில் ஓங்கி அடி வாங்கியிருந்தால், குண்டு உருளும் பாதையில் குண்டுக்கும் குண்டுக்கும் இருக்கிற அதே இடைவெளியில் வரிசையாகக் குழிகள் விழுந்திருக்கும். தண்ணீர் புகுந்திருந்தால் கிரீஸ் பழுப்பு நிறச் சேறாகியிருக்கும், பாதையில் துருப் புள்ளிகள் இருக்கும். கிரீஸ் வற்றிச் சூடேறியிருந்தால் இரும்பு நீலம் பாய்ந்திருக்கும். பொருத்தும்போது பிரஸ்ஸில் தப்பான வளையத்தில் அழுத்தம் கொடுத்திருந்தால், ஒரே பக்கத்தில் தழும்பு விழுந்து அங்கிருந்து செதில் பெயரத் தொடங்கியிருக்கும். கழற்றும்போதும் இப்படித் தழும்பு விழுவது உண்டு. ஆனால் அது பளபளவென்று புதிதாக இருக்கும், பழைய தழும்பு மங்கியிருக்கும். பழகிய கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியும். சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் பையன்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கலாம். அவர்கள் கெட்டிக்காரர்கள்தான். உடைத்துப் பார்க்க அவர்களுக்கு நேரமும் அனுமதியும் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். இந்தக் காரின் டயர் ஒரு சுற்று சுற்றினால் சுமார் 1.9 மீட்டர் போகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 700 சுற்று. 22,000 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கோடியே பதினாறு லட்சம் சுற்று. மில்லில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் நிமிடத்துக்கு 16,000 சுற்று சுற்றும் ஸ்பிண்டில் இதை ஒன்றரை ஷிப்டில் முடித்துவிடும். காரின் எடையை ஸ்பிண்டில் தாங்குவதில்லை, அது வேறு வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ஓட வேண்டிய பாகம் அதில் கால்வாசிகூட ஓடாமல் போனால், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் உள்ளேயே எழுதியிருக்கிறது.

மகளின் காரில் 60ஐத் தாண்டினால் ஊம் என்று ஒரு சத்தம் வந்தது. வேகம் கூடக்கூடச் சத்தமும் கூடியது. வலது பக்கம் வளைத்தால் பெரிதாகும், இடது பக்கம் வளைத்தால் அடங்கும். வலது பக்கம் திரும்பும்போது எடை இடது சக்கரங்களில் ஏறும். ஆகவே கோளாறு இடது பக்கம். டயர் தேய்மானத்திலும் இதே மாதிரி சத்தம் வரும் என்பதால் முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் பார்த்தோம். சத்தம் முன்பக்கத்திலேயே இருந்தது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துத்தான் காரை விட்டோம்.

அவர்கள் மறுத்த பிறகு, காசு கட்டியே மாற்றச் சொன்னேன்; பழைய பேரிங்கை மட்டும் கையில் கொடுக்க வேண்டும் என்றேன். வாரண்டியில் மாற்றினால் பழையது கம்பெனிக்குப் போகும், நாம் பணம் கொடுத்து மாற்றினால் பழையது நம்முடையது. கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கிரைண்டரால் வெட்டினேன். பாதையில் வரிசைக் குழி ஒன்றுகூட இல்லை. உள்பக்க சீலின் உதடு ஓரிடத்தில் மடிந்திருந்தது. அந்தப் பக்கத்து கிரீஸ் முழுக்கப் பழுப்புச் சேறு. அடுத்த பக்கத்து கிரீஸ் புதிது மாதிரி இருந்தது. பள்ளம் இதைச் செய்யவில்லை. மடிந்த சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது.

“தண்ணியில ஓட்டினீங்களா?” என்பது அடுத்த கேள்வி. ஓட்டினோம். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே தண்ணீரில் ஓட்டாமல் யார் வீடு போய்ச் சேருகிறார்கள்? ராஜபாளையத்தில் பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டிய தெருக்களில் மழை பெய்தால் எது சாலை, எது குழி என்று தெரியாமல்தான் வருடக்கணக்கில் ஓட்டினோம். கொல்லம் - திருமங்கலம் நெடுஞ்சாலையில் சிமென்ட் லாரிக்கும் பஞ்சு லாரிக்கும் ஒதுங்கினால் சக்கரம் மண்ணில்தான் இறங்கும். இந்த ஊர்களில் ஆண்டுதோறும் கார் விற்கிற நிறுவனத்துக்கு இது தெரியாத விஷயமா? வடகிழக்குப் பருவமழை நேற்று வந்ததல்ல. தண்ணீரையும் தூசியையும் வெளியே நிறுத்தத்தான் அந்த சீல் அங்கே இருக்கிறது.

இந்த இடத்தில் நான் மதிக்கும் ஒருவரைச் சொல்ல வேண்டும். சுவீடனில் கோத்தன்பர்க் நகரத்துப் பஞ்சாலை ஒன்றில் பராமரிப்புப் பொறியாளராக இருந்தவர் ஸ்வென் விங்குவிஸ்ட். மில் நின்றது களிமண் பூமியில். தரை இறங்க இறங்க நீளத் தண்டுகள் நேர்க்கோட்டிலிருந்து விலகும், பேரிங்குகள் போய்க்கொண்டே இருக்கும். தரை சரியில்லை என்று அவர் கைகழுவவில்லை. தண்டு சற்றுச் சாய்ந்தாலும் தானே அதற்கேற்பத் திரும்பிக்கொள்ளும் பேரிங்கைச் செய்தார். 1907இல் அதை வைத்துப் பிறந்த கம்பெனிதான் எஸ்.கே.எஃப். எங்களைப் போன்ற ஒரு மில் மெயின்டனன்ஸ்காரர் செய்த காரியம் இது. அவர் களிமண்ணுக்கு ஏற்ற பேரிங்கைச் செய்தார். இங்கே மழைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் கார் விற்றுவிட்டு, மழையையும் பள்ளத்தையும் காட்டியே பொறுப்பைக் கழிக்கிறார்கள்.

கார்க்காரர்கள் பக்கமும் தவறு உண்டு. அழகுக்காக அகலமான அலாய் வீல் மாட்டி, சக்கரத்தை வெளியே தள்ளி வைத்தால் பேரிங்குக்குத் தாங்க முடியாத சுமை சேரும். சென்டர் மீடியனில் ஏற்றி இறக்கிவிட்டு வாரண்டி கேட்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மறுக்கட்டும். ஆனால் அதையும் பேரிங்கை வெட்டிக் காட்டி மறுக்கட்டும். வரிசைக் குழியைக் கண்ணால் பார்த்தால் நியாயமான மனிதர் எவரும் வாதாட மாட்டார்.

நான் படத்தோடு கடிதம் எழுதிய பிறகு பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். “நல்லெண்ண அடிப்படையில்” என்று எழுதியிருந்தார்கள். மகளுக்கு நிம்மதி. எனக்கு இல்லை. நல்லெண்ணம் என்று எழுதினால் அது பாகத்தின் குறையாகக் கணக்கில் ஏறுமா? ஒரே தொகுதி சீல் பல ஊர்களில் மடிந்திருந்தாலும், அங்கங்கே பாதிப் பணம் கொடுத்து முடித்தால், இது ஒரு தொகுதிக் கோளாறு என்று யாருக்குத் தெரியவரும்? 2017இல் மாருதி நிறுவனம் இடது பின்சக்கர ஹப்பில் குறை இருக்கலாம் என்று 21,494 டிசையர் கார்களைச் சோதனைக்குத் திரும்ப அழைத்தது. அந்த ஆண்டு பிப்ரவரிக்கும் ஜூலைக்கும் இடையில் செய்த கார்கள் அவை. ஒரு சக்கரம், ஒரு பக்கம், சில மாத உற்பத்தி என்று துல்லியமாக அடையாளம் காட்ட முடிகிறதென்றால், அதற்குப் பதிவேடு வேண்டும். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, வாகனங்களைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. அதற்கு ஒரு வழி, குறிப்பிட்ட அளவு உரிமையாளர்களின் புகார். ஒவ்வொரு புகாரும் சாலைமேல் பழியாகவோ நல்லெண்ணமாகவோ கரைந்துவிட்டால் அந்தப் பிரிவு புத்தகத்தில்தான் இருக்கும்.

மாருதி உத்யோக் - சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னதை விற்பனையாளர்கள் அடிக்கடி நினைவுபடுத்துவார்கள்: வாரண்டி என்றால் குறையுள்ள பாகத்தைப் பழுது பார்ப்பது அல்லது மாற்றுவது, முழுக் காரையும் மாற்றுவது அல்ல. நல்லது, யாரும் முழுக் காரைக் கேட்கவில்லை. பாகத்தில் குறை இருக்கிறதா என்பதே கேள்வி என்றால், பாகத்தைப் பார்ப்பதுதானே முதல் வேலை? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், சோதித்தால்தான் குறை தெரியும் என்ற நிலையில் உள்ள பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். வாரண்டியை மறுக்கும் எந்தக் கார் நிறுவனமும் பாகத்தைக் கழற்றி, வாடிக்கையாளர் முன்னால் பிரித்து, கண்ட காரணத்தைப் படத்தோடும் கையெழுத்தோடும் ஜாப் கார்டில் எழுதித் தர வேண்டும். எழுதித் தராத மறுப்பு செல்லாது என்று மத்திய அரசு விதி செய்ய வேண்டும். ஒரு பேரிங்கை வெட்ட எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பல லட்சம் வாங்கிக்கொண்டு கார் விற்கிறவர்களால் அந்த நேரத்தைக் கொடுக்க முடியும்.

விதி வரும்வரை நம் பக்கத்தில் செய்ய வேண்டியது இருக்கிறது. விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. கார் எந்த ஊரில் வாங்கியிருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குச் சொல்லலாம். எதைச் செய்தாலும் பழைய பேரிங்கை விட்டுவிட்டு வராதீர்கள். மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுக்கிறேன் என்பார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். சேறும் துருவும் அப்படியே இருக்க, பாலிதீன் பையில் கட்டி, தேதி எழுதி, ஜாப் கார்டு நகலோடு வையுங்கள்.