சல்லியாகும் சரித்திரம்

அண்ணாந்து பார்க்கிறோம், அண்ணாமலையார் கோயிலின் இராசகோபுரத்தை. பதினொரு நிலை! 217 அடி உயரம்! பார்க்கட்டும், பாராட்டட்டும், அதை எழுப்பிய கரங்களின் திறம் அத்தகையது. ஆனால், நிமிர்ந்த தலையைச் சற்றே தாழ்த்தி, நிலத்தை நோக்கியதுண்டா நண்பர்களே?

தண்டராம்பட்டு வட்டத்திலே மோட்டூர் என்றோர் ஊர். அங்கே, கல்வட்டங்களுக்கிடையே, ஆளுயரத்தை விஞ்சி நிற்கிறது ஒரு பலகைக்கல். கண் இல்லை, காது இல்லை, வாய் இல்லை. ஆயினும் தோள் விரித்து நிற்கும் மனித உரு! தாய்த் தெய்வம் என்பார் சிலர்; மாண்டாரின் நினைவுரு என்பார் வேறு சிலர். கோபுரத்துக்குக் கால்கோள் செய்த பதினாறாம் நூற்றாண்டுக்கு ஆயிரம் ஆண்டுகட்கும் மேலாக முற்பட்டது அந்தக் கல்.

இத்தகைய ஈமச்சின்னங்களைப் புதிய கற்காலத்தன என்று எழுதிவிடுவோருண்டு. ஐரோப்பாவுக்கு அது பொருந்தும். அயர்லாந்தின் நியூகிரேஞ்சு கல்லறை மேடு ஏறத்தாழ கி.மு. 3200இல் எழுந்தது. நம் மண்ணிலோ இவற்றை எழுப்பியோர் இரும்பை ஆண்டவர்கள். பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1960களில் அகழ்ந்தபோது, கீழே புதிய கற்கால வாழ்வு, மேலே பெருங்கற்காலப் பண்பாடு என அடுக்கடுக்காய் வெளிப்பட்டது. வரிசை தெளிவு, வாதம் வேண்டியதில்லை.

அந்தக் கல்லறையின் அமைப்பைக் கேளுங்கள்! நான்கு கற்பலகைகள், ஒன்றன் விளிம்பை மற்றொன்று தாங்கும் வண்ணம் நிறுத்துவர். புறத்தே மண் நெருக்க நெருக்க, அறை குலையாது, இறுகும்! மேலே ஒரு மூடுகல். ஒரு பலகையில் வட்டத் துளை. உள்ளே எலும்புகள், கருப்பு சிவப்பு மட்கலங்கள், இரும்புக் கருவிகள், மணிகள். இத்தனையையும் சூழ்ந்து ஒரு கல்வட்டம். ஏட்டிலே கணக்கு எழுதாதவன், கல்லிலே கணக்கைக் காட்டியிருக்கிறான்!

சுடுதல், இடுதல், குழியில் புதைத்தல், தாழ்விடத்து அடைத்தல், தாழியால் கவித்தல் என ஐவகை ஈமமுறைகளை மணிமேகலை கூறுகிறது. ஏடு கூறியதற்கு மண் சான்று பகர்கிறது. சிவகளைத் தாழியிலிருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021இல் அறிவிக்கப்பட்டது. அங்கு கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாகத் தமிழக அரசு 2025இல் அறிவித்தது. உலகம் திரும்பிப் பார்த்தது.

நாம் பார்க்கிறோமா? 'பாண்டவர் வீடு' என்கிறோம். 'குள்ளர் குகை' என்கிறோம். பாட்டன் கட்டியதைப் பாரதக் கதைக்குத் தாரை வார்த்துவிட்டு, கல்வட்டத்தின் கல்லைப் பெயர்த்து வரப்புக்கு வைக்கிறோம். பாறையை வெடித்துச் சல்லியாக்குகிறோம். தமிழகத்தில் எத்தனையோ கல்வட்டங்கள் கல்லுடைப்புக்கும் வயல் விரிவுக்கும் இரையாகிவிட்டன.

"பிணக்குழிக்கு இத்தனை பேச்சா? கல்லுடைப்பவன் வயிற்றை யார் கழுவுவது?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி! உடைப்பவன் மீது நமக்குக் கோபமில்லை. அவன் கூலிக்கு உடைக்கிறான். உடைக்கச் சொன்னவன் குத்தகையைக் காட்டுகிறான். குத்தகை தந்த அதிகாரி வரைபடத்தைக் காட்டுகிறார். அந்த வரைபடத்திலோ கல்வட்டத்துக்கு ஒரு புள்ளிகூட இல்லை! மலை பெரிது, குத்தகைக்கு வேறு பாறை உண்டு. பாட்டனுக்கு வேறு கல்லறை ஏது?

சட்டம் இல்லையா? இருக்கிறது. நடுவணரசின் சட்டம் 1958இல் வந்தது. தமிழ்நாட்டின் சட்டம் 1966இல் வந்தது. ஆனால், அறிவிக்கப்பட்ட இடத்துக்குத்தான் அந்தச் சட்டம் காவல். அறிவிக்கப்படாத கல்வட்டம் அனாதை!

ஆகவே கேட்கிறோம்: ஊர்தோறும் புல எண்ணோடு ஈமச்சின்னங்களைப் பதிவேட்டில் ஏற்றுக! பதிவு முடியுமுன் அவ்விடங்களில் கல்குத்தகை தராதிருக்க! ஊராட்சி மன்றங்கள் இதற்குத் தீர்மானம் நிறைவேற்றுக! செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தேடித் தேடிப் படியெடுத்து, 1972இல் நூலாக்கி, வீரர் பலரின் பெயரைக் காத்த நாடு இது. வீரனுக்குக் கல்லிலே பெயர் இருந்தது. கல்வட்டத்துள் கிடப்பவனுக்குப் பெயரில்லை, ஊரில்லை, பரிந்து பேச ஆளுமில்லை. அவனுக்கிருப்பது அந்தக் கல் ஒன்றுதான். அதையும் சாலைக்குக் கொட்டி, அதன்மேல் நடந்துகொண்டே பழம்பெருமை பேசுவதா?