மதிலுக்குள் ஒரு மக்கள் பூங்கா

கோடை வந்தால் நம் ஆட்சியாளர்களுக்கு விழா நினைவு வந்துவிடுகிறது. உதகையில் மலர்க்காட்சி, கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் கோடை விழா. மலையேற வசதியில்லாதவர்க்குச் சமவெளியிலேயே ஒரு மேடை, ஒரு பந்தல், ஓர் ஒலிபெருக்கி. பள்ளிகள் மூடிக்கிடக்கும் திங்கள்களில் மக்களை மகிழ்விப்பது ஆள்வோர் கடமை என்பதில் எவர்க்கும் மறுப்பில்லை. நம் மறுப்பு வேறோரிடத்தில் எழுகிறது. பந்தற்கால்களைப் பிடுங்கிய மறுநாள் காலை, அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ பத்து வயதுப் பிள்ளை ஒன்று பந்தை எடுத்துக்கொண்டு எங்கே போகும்? அதன் தாய், அடுப்படி வேலை ஓய்ந்த பின்னர்ச் சற்றே காற்று வாங்க எங்கே போவாள்? இவ்விரு வினாக்களுக்கும் விடை சொல்லாத நகரத் திட்டம் எத்துணை வண்ணப் படங்களோடு அச்சானாலும் அது திட்டமன்று, விளம்பரம்.

மேற்குப் புறநகர் உழைப்பாளர் ஊர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் 1960-களின் படைப்புகள். ஆலைக்கு எத்துணை ஏக்கர், சாலைக்கு எத்துணை அடி என்று அளந்தவர்கள், அவ்வாலைக்கு வரும் தொழிலாளியின் பிள்ளைக்கு எத்துணை இடம் என்று அளக்க மறந்தனர். பக்கத்திலுள்ள அண்ணா நகரைப் பாருங்கள். 1968-இல் நடந்த வணிகப் பொருட்காட்சிக்காக அங்கே கோபுரமும் தோட்டமும் எழுந்தன. பொருட்காட்சி கலைந்தது, பூங்கா நின்றது. ஒரு விழா ஊருக்கு எதை விட்டுச் செல்லவேண்டும் என்பதற்கு வேறு சான்று தேடவேண்டா. சில கல் தொலைவிலிருந்த அம்பத்தூருக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. ஆவடியில் அகன்ற திடல்கள் இல்லாமலில்லை. ஆனால் அவற்றுட் பல பாதுகாப்புத் துறை வளாகங்களின் சுற்றுச்சுவருக்குள் இருக்கின்றன. வெளியே நிற்கும் பிள்ளைக்கு அவை வெறும் சுவரே. 2011-இல் அம்பத்தூர், சென்னை மாநகராட்சியின் ஏழாம் மண்டலமாயிற்று. 2019-இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று. பெயர்ப் பலகைகள் மாறின. பூவிருந்தவல்லி என்று பெயரிலேயே பூவைச் சூடிக்கொண்ட பழைய ஊரிலோ, பூவைப் பூக்கடையில்தான் காண வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு பழைய காப்பியத்தை நினைவூட்ட விரும்புகிறேன். புகார் நகரில் இந்திர விழா நடக்கும் நாளில், புதுமலர் பறித்துவரப் புறப்படுகிறாள் மணிமேகலை. உடன் செல்லும் சுதமதி, நகரிலுள்ள சோலைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறாள். இலவந்திகைச் சோலையின் மதிற்புறம் போகலாமா? அங்கே மன்னனைச் சூழ்ந்தோர் இருப்பர், ஆகாது. உய்யானம் போகலாமா? அது தெய்வங்களுக்குரியது; ஆகாது. மற்ற இரு வனங்களிலும் தாக்கணங்கு உண்டு. ஐந்து சோலைகள் உள்ள பெருநகரில், இரு பெண்கள் அச்சமின்றிச் செல்லத்தக்கது உவவனம் ஒன்றே என முடிகிறது கணக்கு. அந்த ஒன்றிலும் அரசிளங்குமரன் பின்தொடர்ந்து வர, மணிமேகலை பளிக்கறைக்குள் ஒளிந்துகொள்ள நேர்கிறது. நகரமோ விழாக்கோலத்தில் இருக்கிறது! விழாவைப் பாடவந்த சாத்தனார், அவ்விழா நாளில் ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பான சோலை எது என்ற கணக்கையும் சேர்த்தே பாடியிருக்கிறார். நம் நகரமைப்பு வல்லுநர்கள் ஏட்டில் இந்தக் கணக்கு ஏறவேயில்லை.

ஏறியிருந்தால் பூங்காக்களின் நேரம் இப்படி இருக்குமா? விடியலில் திறப்பர், வெயில் ஏறியதும் பூட்டுவர், மாலையில் மீண்டும் திறப்பர். நான் கண்ட பூங்காக்கள் பலவற்றில் இதுவே முறை. விடியற்காலையில் நடைபயிலும் ஓய்வூதியருக்கு இந்நேரம் பொருந்தும். காலையில் உணவு சமைத்துக் கணவரையும் மக்களையும் அனுப்பிவிட்டு, முற்பகலில்தான் தலைநிமிரும் நம் வீட்டுப் பெண்களுக்குப் பொருந்துமா? தகரக்கூரையின் கீழ் ஓரறையில் வாழும் குடும்பத்துக்கு நிழல் எப்போது தேவை? கத்திரி வெயிலின் நண்பகலில் அன்றோ! அந்நேரத்தில் நிழலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது என்ன நிர்வாகம்? பூங்கா என்றதும் புல்வெளியும் ஒப்பனைச் செடியும் செயற்கை நீரூற்றும் அமைக்கிறார்கள். அவை கண்ணுக்கு. வேம்பும் புங்கையும் பூவரசும் அல்லவோ உடம்புக்கு. ஒரு புங்கமரத்தடியில் பத்துப் பெண்கள் அமரலாம்; நீரூற்றின்மேல் யார் அமர்வது?

பூட்டு ஒரு தடை என்றால் கட்டணம் மற்றொன்று. சென்னை கதீட்ரல் சாலையில், தோட்டக்கலைச் சங்கத்தின் கையிலிருந்து அரசு மீட்டெடுத்த நிலத்தில், 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. மீட்டது நற்செயல், வாழ்த்துகிறோம். ஆனால் திறந்தபோதே பெரியவர்க்கு 100 ரூபாய், சிறுவர்க்கு 50 ரூபாய் என நுழைவுக் கட்டணம் விதித்தனர். அம்பத்தூரிலிருந்து பெற்றோரும் மூன்று பிள்ளைகளுமாகச் சென்றால், வாயிலைத் தாண்டவே 350 ரூபாய். பேருந்துச் செலவு தனி. உள்ளே கம்பியில் தொங்கிச் செல்லும் விளையாட்டுக்கும் பறவைக் கூடத்துக்கும் தனித்தனிச் சீட்டு. தனியாரிடமிருந்து மக்களுக்காக மீட்ட இடத்தில் மக்களுட் பாதிப்பேர் வாயிலோடு நின்றுவிட்டால், மீட்பின் பொருள்தான் என்ன? அதே மாதத்தில் மாநகராட்சி மன்றம் ஒன்பது செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஆடுவோர் ஒருவரிடம் மணிக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானித்தது. எதிர்ப்பு எழுந்தது, தீர்மானம் கைவிடப்பட்டது. கைவிட்டதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் அப்படியொரு தீர்மானம் மேசைக்கு வர முடிந்ததே, அந்த மனப்போக்கை நாம் கவனிக்க வேண்டாமா? பராமரிக்கப் பணமில்லை என்பர். பராமரிப்புக்குத்தானே வரி? தெருவிளக்கின் கீழ் நடப்பவனிடம் சீட்டு கேட்கிறோமா?

அரபு மொழியில் தோட்டத்துக்குப் பல சொற்கள். அவற்றுள் 'ஹதீகா' என்பது சுற்றிவளைத்தல் என்னும் பொருளடியாகப் பிறந்தது. சுவர் சூழ்ந்த தோட்டம் அது. 'ரவ்ளா' என்பதோ நீரும் பசுமையும் கூடிய திறந்தவெளி. நம் மாநகராட்சிகள் கட்டுவதெல்லாம் ஹதீகா. மக்களுக்கு வேண்டியது ரவ்ளா. (இலக்கணம் படித்தவனின் பழக்கதோஷம், பொறுத்தருள்க.)

சுவர் கட்டினால் இடம் நிலைக்கும் என்று நினைப்பவர்களுக்குச் சென்னையின் வரலாறே மறுமொழி சொல்லும். 1859-இல் ஆளுநர் டிரெவெல்யன் நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் 'மக்கள் பூங்கா' ஒன்றை உருவாக்கினார். இன்று எங்கே அது? அதன் நிலத்தில் விக்டோரியா பொது மண்டபம் வந்தது. 1913-இல் ரிப்பன் மாளிகை வந்தது. பின்னர் விளையாட்டரங்கம் வந்தது. அங்கிருந்த விலங்குக் காட்சிசாலை 1985-இல் வண்டலூருக்குப் போயிற்று. மக்கள் பூங்காவை விழுங்கிய கட்டடங்களுள் முதன்மையானது, மக்கள் பூங்காக்களைக் காக்க வேண்டிய மாநகராட்சியின் தலைமையகம்! ஒவ்வொரு கட்டடமும் 'பொதுநன்மை' என்ற பெயரிலேயே வந்தது. அதனால்தான் அஞ்சுகிறோம். பூங்காவைத் தின்ன வருபவன் பகைவன் உருவில் வருவதில்லை. நூலகமாக, நீர்த்தொட்டியாக, அலுவலகமாக, வாகன நிறுத்தமாக வருகிறான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைக் காக்கத் தமிழகத்தில் 1959-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்கு மாற்றிக் கொடுத்ததை 1991-இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. மருத்துவமனை நற்செயலாயிற்றே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. 2019-இல் வந்த தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனையாக்குவோர் சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தரவேண்டும். 3,000 முதல் 10,000 வரையுள்ள நிலமாயின், இடம் தர இயலாதபோது அதன் மதிப்பைப் பணமாகச் செலுத்தலாம். நோய் நுழையும் வாயில் இந்த விலக்கே. மேற்குப் புறநகரில் வயல்களும் தோப்புகளும் துண்டு துண்டாகத்தான் மனையாகின்றன. துண்டுக்கொரு தொகை கருவூலத்துக்குப் போய்ச் சேரும். தெருவில் ஓரடி வெளியும் மிஞ்சாது. பணத்தின்மேல் பிள்ளைகள் பந்தாட முடியுமா? நிலமாகக் கொடுக்கப்பட்ட இடங்களையேனும் போய்ப் பாருங்கள். மனையின் கோணல் மூலை, கால்வாயோரப் பள்ளம், மின்மாற்றியின் அடி. விற்க முடியாததைத் தானம் செய்யும் வழக்கம் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு போலும்.

ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்று மத்திய அரசு 2014-இல் வெளியிட்ட நகரமைப்பு வழிகாட்டி கூறுகிறது. ஒரு சிறிய அறையின் அளவு அது. அந்த அளவுள்ள அறையில் ஒரு குடும்பமே குடியிருப்பதை அம்பத்தூரில் காணலாம்.

'பூங்காவும் கேளிக்கையும் நமக்கெதற்கு? வீண் விளையாட்டைப் பேச ஒரு ஆலிமா?' என்று கேட்போர் நம் மஹல்லாக்களிலேயே உளர். அவர்களுக்குக் கிதாபிலிருந்தே விடை தருகிறேன். தரிசு நிலத்தைப் பண்படுத்தியவன் அதற்கு உரியவனாவான் என்பது ஃபிக்ஹுச் சட்டம். ஆயினும் ஓர் ஊரைச் சுற்றி 'ஹரீம்' எனும் எல்லை உண்டு. அதைப் பண்படுத்தியும் எவனும் தனதாக்க முடியாது. அந்த ஹரீமில் அடங்குபவை எவை? இமாம் நவவி (மறைவு 1277) தம் 'மின்ஹாஜ்' நூலில் எண்ணுகிறார்: ஊரார் கூடும் இடம், குதிரைகள் ஓடும் இடம், ஒட்டகங்கள் படுக்கும் இடம், சாம்பல் கொட்டும் இடம். பின்வந்த விரிவுரைக்காரர்கள் இவற்றோடு சேர்த்த ஒன்று, சிறுவர்கள் விளையாடும் இடம். பிள்ளைகளின் விளையாட்டிடம் ஊராரின் கூட்டு உரிமை, தனியார் தொடக்கூடாதது என்று எழுதிவைத்தவர்கள் வீணர்களா? அபிசீனியர் ஈட்டி விளையாட்டை மஸ்ஜிதுந் நபவியிலேயே அன்னை ஆயிஷா (ரலி) கண்டு களித்த செய்தியை நாம் மேடையில் சொல்வோம்; நம் பெண்மக்கள் திடலோரம் நின்று காற்று வாங்கினால் மட்டும் முகம் சுளிப்போமா?

நகராட்சியின் பூட்டைப் பேசும் நாம் நம் பூட்டையும் பேசியாக வேண்டும். கோடையில் தீனிய்யாத் வகுப்பென்று பிள்ளைகளைக் காலை முழுதும் அமர்த்துகிறோம். வகுப்பு முடிந்ததும் மதரஸா முற்றத்தைப் பூட்டுகிறோம். ஈத்காத் திடலுள்ள ஊர்களில் அது ஆண்டுக்கு இருமுறை திறக்கிறது. மாலையில் இரண்டு மணி நேரம் அவற்றைத் தெருப்பிள்ளைகள் அனைவர்க்கும், சமய வேறுபாடின்றித் திறந்துவிட எந்த ஜமாஅத்துக்கு என்ன குறைந்துவிடும்?

ஏரிகளைச் சொல்லாமல் மேற்குப் புறநகரைப் பேச முடியாது. அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று நீர்நிலை சூழ்ந்த நாடு இது. ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி தூர்வாரப்பட்டு, கரையில் நடைபாதையுடன் 2019-இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மக்கள் அங்கே திரள்வதைக் கண்டால், எத்துணை ஆண்டுத் தாகம் இது என்று தோன்றும். மறுபுறம் கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை நிறுத்தச் சொல்லி ஊரார் பசுமைத் தீர்ப்பாயம் வரை நடக்க நேர்ந்தது. நாற்றமடிக்கும் நீரைச் சுற்றி நடைபாதை போட்டு விளக்கேற்றுவது பூங்காவாகாது. முதலில் சாக்கடையைத் திருப்புங்கள். ஊஞ்சல் பிறகு வரட்டும்.

விழாக்களை நிறுத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் விழாவுக்கும் இடம் வேண்டும், நிழல் வேண்டும், குடிநீர் வேண்டும். 1886 டிசம்பர் 31-இல், முன் சொன்ன அதே மக்கள் பூங்காவில் நடந்த பொருட்காட்சியில் தீப்பற்றி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 2024 அக்டோபர் 6-இல் மெரினாவில் விமானப்படைச் சாகசம் காண இலட்சக்கணக்கில் மக்கள் குவிந்தனர். வெயிலிலும் நெரிசலிலும் வாடி ஐவர் உயிரிழந்தனர். அத்துணைப் பெருந்திரளில் புறநகர்க்காரர்கள் எத்தனை பேர் என்று யார் எண்ணினார்கள்? தம் தெருவில் ஒரு திடல் இல்லாதவர்கள் ஞாயிறுதோறும் ஒரே கடற்கரைக்குத்தானே ஓட வேண்டியிருக்கிறது. ஊருக்கொரு பெருவிழாவினும் வட்டத்துக்கொரு சிறு திடல் நன்று. அங்கே சிலம்பமும் கபடியும் கதைநேரமும் ஒரு பானை நீர்மோரும் போதும். ஒலிபெருக்கிகூட வேண்டா.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் பெருந்திட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் எல்லை 2026. அடுத்து 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் திட்டம் ஆயத்தமாகிறது. இன்று பிறக்கும் பிள்ளை மணமுடிக்கும் வயது வரைக்கும் அந்த வரைபடமே இந்நிலத்தை ஆளும். வரைபடத்தில் பச்சை வண்ணம் பூசாத இடம் பின்னர்ப் பச்சையாகாது. ஆகவே நிலத்துக்கு ஈடாகப் பணம் என்ற விலக்கைப் புறநகர்களில் நீக்கவேண்டும். நீக்க மனமில்லையேல், வசூலித்த பணத்தைக் கொண்டு அதே வட்டத்தில் நிலம் வாங்கவேண்டும். உள்ளாட்சிப் பூங்காக்களுக்குக் கட்டணம் கூடாது. கோடையில் நண்பகலிலும் அவை திறந்திருக்க வேண்டும். பெண்களுக்குக் கழிப்பிடமும் குடிநீரும் இல்லாத பூங்காவைத் திறப்புவிழாவுக்கே அனுமதிக்கக் கூடாது. இவற்றை எழுதிக் கொடுப்பதற்கு இடமும் இருக்கிறது. 2022 முதல் நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. நம்மவர் அங்கே குடிநீரையும் சாக்கடையையும் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். அடுத்த கூட்டத்தில், தம் வட்டத்தில் தானமாக எழுதித் தரப்பட்ட திறந்தவெளிகள் எத்தனை, அவற்றின் புல எண் என்ன, இன்று அவற்றின்மேல் நிற்பது என்ன என்றும் கேட்கட்டும். வாய்மொழி விடை வேண்டா. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்து, அப்பதிவேட்டின் நகலைக் கையில் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அந்தந்த இடத்துக்கு ஒருமுறை நடந்து போய்ப் பார்க்கட்டும்.