நாற்பது மாதம் முடிந்தது, ரயில் எங்கே?

நமது லிங்கராஜபுரத்திலிருந்து பானஸ்வாடி ரயில் நிலையம் அதிக தூரமில்லை. அங்கிருந்து ஹெப்பால், யஷ்வந்தபுரம் வரை தண்டவாளம் போட்டுப் பல காலமாகிறது. ஆனால் யஷ்வந்தபுரத்துக்குக் கட்டட வேலைக்குப் போகும் நம் தோழர்களும், வீட்டு வேலைக்குப் போகும் நம் தாய்மார்களும் விடிவதற்கு முன்பே எழுந்து இரண்டு பஸ் மாறித்தான் போகிறார்கள். 2023 ஜூன் முதல் பெண்களுக்குப் பஸ் பயணம் இலவசமானது. நல்ல காரியம், பாராட்டுகிறோம். டிக்கெட் காசு மிச்சமாகிறது. நெரிசலில் போகும் இரண்டு மணி நேரத்தை யார் திருப்பித் தருவது?

இந்த நகருக்குப் புறநகர் ரயில் வேண்டும் என்பது புதிய யோசனையல்ல. அன்று பெங்களூர் தென்னக ரயில்வேயின் கீழ் இருந்தது. மூன்று புறநகர்ப் பாதைகள் தேவை என்று 1983-லேயே அறிக்கை எழுதிவிட்டார்கள். அந்த ஆண்டு பிறந்த பிள்ளைக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது.

2020 அக்டோபரில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 148 கிலோமீட்டர், நான்கு வழித்தடங்கள், மதிப்பீடு 15,767 கோடி ரூபாய். மத்திய சர்க்கார் ஐந்தில் ஒரு பங்கு, மாநில சர்க்கார் ஐந்தில் ஒரு பங்கு, மிச்சம் கடன். சம்பிகே, மல்லிகே, பாரிஜாத, கனக என்று பூப்பெயர்களும் சூட்டினார்கள். இவற்றில் மல்லிகே, பையப்பனஹள்ளியிலிருந்து நம் பானஸ்வாடி வழியாக சிக்கபாணாவர வரை போகும் 25 கிலோமீட்டர் பாதை. 2022 ஜூன் 20 அன்று பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். நாற்பது ஆண்டு தாமதமானதை நாற்பது மாதத்தில் முடிப்போம் என்றும் சொன்னார்.

கணக்கு எழுதிப் பழகிய கை, விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். 2025 அக்டோபரோடு நாற்பது மாதம் முடிந்தது. ரயில் வரவில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், நிலம் நேரத்துக்குக் கைக்கு வரவில்லை என்று சொல்லி மல்லிகே, கனக இரண்டுக்குமான பெரிய ஒப்பந்தக்காரர் விலகிக்கொண்டார்.

பணமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2025-26 பட்ஜெட்டில் மூலதனச் செலவுக்கு 11.21 லட்சம் கோடி ரூபாயை மத்திய சர்க்கார் ஒதுக்கியது. ரயில்வேக்கு மட்டும் 2.52 லட்சம் கோடி. தேசிய உள்கட்டமைப்புத் திட்டம் என்று 2019 டிசம்பரில் அறிவித்தார்களே, அதன் தொகை நூறு லட்சம் கோடிக்கும் மேல்! இத்தனை சைபர்களைப் பார்த்தால் நமக்கே தலை சுற்றுகிறது.

அப்படியானால் முட்டுக்கட்டை எது? பொறுப்பேற்க ஆள் இல்லாததுதான் என்கிறோம். மத்திய, மாநில சர்க்கார்கள் கூட்டாக நடத்தும் கே-ரைடு நிறுவனம், முழுநேர நிர்வாக இயக்குநர் இல்லாமலே நெடுநாள் ஓடியது. வேறு வேலையில் இருந்த அதிகாரிக்கு இதுவும் கூடுதல் பொறுப்பு. கொங்கண் ரயில்வேயை நினைத்துப் பாருங்கள். 1990-ல் ஸ்ரீதரன் தலைமையில் தொடங்கினார்கள். மலையைக் குடைந்து, ஆற்றைத் தாண்டி, 740 கிலோமீட்டர் பாதையை 1998 ஜனவரியில் முழுதும் திறந்துவிட்டார்கள். அங்கே கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒருவர் இருந்தார். இங்கே மாநிலம் ரயில்வேயைக் காட்டும், ரயில்வே மாநிலத்தைக் காட்டும்.

மெட்ரோ இருக்கிறதே என்பார்கள் சிலர். இருக்கிறது. 2025 பிப்ரவரியில் அதன் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. சாதாரண பாசஞ்சர் வண்டியின் குறைந்தபட்சக் கட்டணமோ பத்தே ரூபாய். அதையும் கொரோனா காலத்தில் முப்பதாக்கி, 2024-ல்தான் பழையபடி குறைத்தார்கள். தினக்கூலிக்காரனுக்கு எது தோதுப்படும் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இது தமிழர் கோரிக்கை அல்ல. ஹாசனிலிருந்தும் கலபுரகியிலிருந்தும் பிழைக்க வந்த கன்னடத் தோழரும் அதே பஸ் படிக்கட்டில்தான் தொங்குகிறார். ஆகவே இந்த மாதம் கன்னடத்திலும் தமிழிலும் அச்சடித்த மனுவோடு வீடு வீடாக வருகிறோம். கேட்பது இரண்டுதான்: எந்த நிலையம் எந்த மாதம் முடியும் என்று பானஸ்வாடி நிலையத்தில் பலகை எழுதி வையுங்கள், புதிய பாதை வரும்வரை, இருக்கிற தண்டவாளத்தில் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள்ளும், மாலையிலும் யஷ்வந்தபுரத்துக்குக் கூடுதல் மெமு வண்டி விடுங்கள். கையெழுத்துப் போடுவோர் வேலைக்குப் போகும் இடத்தையும் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.