வீடற்றோர் எங்கே தனித்திருப்பர்?

மொழிபெயர்ப்புப் பணியிலிருக்கும் எனக்கு 2020 ஊரடங்கு நாட்களில் ஒரு சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. ‘சோஷியல் டிஸ்டன்சிங்’ என்பதைச் ‘சமூக விலகல்’ என்றெழுதக் கை மறுத்தது. தீண்டாமைக்கு எதிராகப் போராடும் இயக்கத்தின் ஏடு அச்சொல்லை ஏற்கலாகாது. ‘உடல் இடைவெளி’ என்றே எழுதிவந்தேன். ஆனால், அந்த இடைவெளிக்கும் இடமில்லாதோர் இருக்கிறார்களே!

மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நான்கே மணி நேரத்தில் நாடு பூட்டப்பட்டது. வீட்டு வாசலைத் தாண்டாதீர்கள் என்றார். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே இந்நாட்டில் வீடற்றோர் 17.7 லட்சம் பேர். அவர்கள் எந்த வாசலைத் தாண்டாதிருப்பது?

தில்லியில் ‘ரேன் பசேரா’ என வழங்கும் தங்குமிடங்கள், பெயருக்கேற்ப இரவில் தலைசாய்ப்பதற்கானவை. கூலி வேலை செய்வோரும் ரிக்‌ஷா இழுப்போரும் பகலெல்லாம் உழைத்துவிட்டு அங்கே வந்து படுப்பர். ஊரடங்கு அவர்களைப் பகலிலும் அங்கேயே அடைத்தது. கூலி நின்றதால், சோறும் அங்கே நீளும் வரிசையை நம்பியே என்றாயிற்று. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதி ஆளுக்கு 50 சதுர அடி என்றது. விதி ஏட்டில் இருந்தது. தரையில் பாயோடு பாய் ஒட்டிக் கிடந்தது.

மார்ச் 31 அன்று, சாலைகளில் இப்போது எவருமில்லை என்று ஒன்றிய அரசு உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. ஏப்ரல் 11 அன்று காஷ்மீரி கேட் அருகே யமுனைக் கரைத் தங்குமிடங்கள் தீக்கிரையாயின. உணவு குறித்த தகராறே தொடக்கம் என்று செய்திகள் கூறின. தீ மூட்டியதாகச் சிலர் கைதாயினர். பசி மூட்டியோர் மீது வழக்கில்லை. அரசின் கிடங்குகளிலோ அப்போது கோடிக்கணக்கான டன் தானியம் குவிந்திருந்தது.

ஆற்றங்கரையிலும் பாலத்தடியிலும் கிடந்தோரின் படங்கள் வெளிவந்த பிறகே அவர்கள் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டனர். அப்படியானால், இடம் முன்பே இருந்தது. பூட்டிக் கிடந்த பள்ளிகளையும் விளையாட்டரங்குகளையும் முதல் நாளே திறந்திருக்கலாம். அதற்கு வேண்டியிருந்தது நான்கு மணி நேரத்திற்கு மேற்பட்ட சிந்தனை மட்டுமே.

பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம், அதுவும் ஆண்டு முழுவதும் இயங்க வேண்டும் என்று 2010இலேயே உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. நம் நகரில் அது எத்தனை உள்ளது, அங்கே எத்தனை பேர் நெருக்கியடித்துப் படுக்கிறார்கள் என்று நேரில் சென்று எண்ணுவது நமது கிளைகளின் உடனடி வேலையாகட்டும். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மாநகராட்சியின் கதவைத் தட்டுவோம். தானியமும் ரொக்க உதவியும் இன்றே வேண்டும்; குடியிருக்க வீடு வேண்டும் என்ற கோரிக்கை தொற்று ஓய்ந்த பின்னும் ஓயலாகாது.